ஒரு பாட்டுக்கு நாலு நிமிஷம்: வேலைக்கு நடுவே வீட்டிலேயே ஆடினால் உடற்பயிற்சி ஆகுமா?

காலையில் டிபன், மதியத்துக்குச் சாப்பாடு கட்டுவது, பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றுவது, பிறகு வேலைக்கு பஸ் பிடிப்பது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் போன்ற ஊர்களிலும் சரி, சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் சரி, 'உடற்பயிற்சி பண்ணுங்க' என்று டாக்டர் சொன்னால் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எங்க சார் நேரம்?"

இந்தக் கேள்விக்கு ஒரு எளிய பதில் உண்டு. ஒரு சினிமா பாட்டு ஓடும் நாலு நிமிஷம் ஆடுங்கள். அப்படி ஒரு நாளில் இரண்டு மூன்று முறை. இது விளையாட்டுப் பேச்சா, உண்மையிலேயே உடம்புக்குப் பலன் தருமா? யார் ஆடலாம், யார் கவனமாக இருக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் இந்தப் பேச்சு இப்போது?

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் வயது வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் போதுமான உடலுழைப்பு இல்லாமல் இருந்தார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு. பெண்களில் இது 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம்.

இதன் விளைவு எங்கே தெரிகிறது என்பதற்கு இன்னொரு கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. தேசிய அளவில் 11.4 சதவீதம் என்றால், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தரும்போதே, 'உடம்பை அசைங்க' என்ற அறிவுரையும் சேர்ந்தே வருகிறது. மாத்திரையை மறக்காமல் போடுகிறவர்கள்கூட இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

'தொடர்ந்து 10 நிமிஷம் செஞ்சாத்தான் கணக்கு' என்பது என்ன ஆச்சு?

உலக சுகாதார அமைப்பு 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இதயத் துடிப்பைக் கூட்டும் பயிற்சியை ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று இருந்தது. அதனால் மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம் எல்லாம் கணக்கிலேயே வரவில்லை.

2020இல் வந்த புதிய வழிகாட்டுதலில் அந்த நிபந்தனை எடுக்கப்பட்டுவிட்டது. 'ஒவ்வொரு அசைவும் கணக்குதான்' என்பதே அதன் மையக் கருத்து. எவ்வளவு தேவை என்பது இதுதான்:

• 18 வயதுக்கு மேற்பட்டவர்கள்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு. அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உழைப்பு.

• 5 முதல் 17 வயது வரை: தினமும் சராசரியாக 60 நிமிடம்.

• 65 வயதைக் கடந்தவர்கள்: பெரியவர்களுக்கான அதே அளவு. கூடவே, கீழே விழாமல் இருக்க உடல் சமநிலைக்கான பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது.

150 நிமிடம் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். ஏழு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 22 நிமிடம்தான். நாலு நிமிஷப் பாட்டு மூன்றுக்கு ஆடினால் 12 நிமிடம் ஆகிவிடும். மீதி 10 நிமிடத்துக்கு, பஸ் ஸ்டாப் வரை வேகமாக நடந்தால் போதும்.

துண்டு துண்டாகச் செய்தால் பலன் இருக்கிறதா?

இருக்கிறது என்பதைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளணும்.

பிரிட்டனில் தனியாக உடற்பயிற்சி என்று எதுவும் செய்யாத 25,241 பேரின் கையில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி, அவர்களைச் சுமார் ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2022 டிசம்பரில் வெளியானது. மாடிப்படி வேகமாக ஏறுவது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்கும் அசைவு தினமும் மூன்று முறை இருந்தவர்களை, அது அறவே இல்லாதவர்களுடன் ஒப்பிட்டார்கள். முதல் பிரிவினருக்கு இதய, ரத்தநாள நோய்களால் இறக்கும் ஆபத்து கிட்டத்தட்ட பாதியாக இருந்தது.

இது ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு மட்டுமே. அந்த அசைவுதான் ஆயுளைக் கூட்டியது என்று நிரூபிக்கவில்லை. நடனத்தைத் தனியாகச் சோதிக்கவும் இல்லை. ஆனாலும், 'ரெண்டு நிமிஷத்துல என்ன ஆகப்போகுது' என்ற எண்ணத்தை மறுபரிசீலனை செய்ய வைத்த ஆய்வு இது.

சர்க்கரை அளவைப் பற்றிய இன்னொரு சோதனை 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. உடல் எடை கூடுதலாக இருந்த 19 பேரை ஒரு நாள் தொடர்ந்து உட்காரவைத்தார்கள். வேறு நாட்களில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் நடக்கவைத்தார்கள். எழுந்து நடந்த நாட்களில், சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறும் அளவு 24 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது.

காரணம் எளிது. தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எரிபொருளாக இழுத்துக்கொள்கின்றன. தொடை, பின்புறம் போன்ற பெரிய தசைகள் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவு நல்லது. ஆட்டத்தில் முதலில் வேலை செய்வதும் அவைதான்.

சென்னையில் உருவான 'தாண்டவ்'

குறுகிய நேர நடனத்தை மருத்துவ நோக்கில் வடிவமைத்த முயற்சி தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் ஆய்வாளர்கள், வளரிளம் பெண்களுக்காக 'தாண்டவ்' என்ற பெயரில் 10 நிமிட நடனப் பயிற்சியை உருவாக்கிச் சோதித்தார்கள். கொஞ்ச நேரம் வேகமாக, கொஞ்ச நேரம் மெதுவாக என்று மாறி மாறிச் செய்யும் தீவிரப் பயிற்சி முறையை நடன அசைவுகளோடு சேர்த்தது இது.

ஏன் வளரிளம் பெண்கள்? உலக அளவில் 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 81 சதவீதம் பேர் போதுமான அளவு ஓடியாடுவதில்லை என்று 2019இல் வெளியான உலக சுகாதார அமைப்பின் ஆய்வு கூறியது. ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம், பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். நம் ஊர்களில் இதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வயதுக்கு வந்த பிறகு பெண் பிள்ளை தெருவில் ஓடி விளையாடுவது பல வீடுகளில் நின்றுவிடுகிறது. பிறகு டியூஷன், பரீட்சை, செல்போன்.

மைதானம் வேண்டாம், கருவி வேண்டாம், வெளியே போக வேண்டாம் என்பதுதான் வீட்டுக்குள் ஆடுவதில் உள்ள பெரிய வசதி.

நேரம் இல்லை என்பது யாருக்கு?

மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சமையல், துவைப்பது, பாத்திரம் கழுவுவது போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் 289 நிமிடம். அதாவது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். குழந்தைகள், முதியவர்களைப் பார்த்துக்கொள்வதற்கு ஆகும் நேரம் இதில் சேராது.

எனவே 'தினமும் ஆடுங்கம்மா' என்று சொல்வது மட்டும் போதாது. அந்த 12 நிமிடத்தை யார் விட்டுத் தருவது என்பதுதான் வீட்டில் பேச வேண்டிய விஷயம். குக்கர் மூணு விசில் வரும்வரை அடுப்பைப் பார்த்துக்கொள்வது, பாத்திரத்தைக் கழுவி வைப்பது, குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுவது என்று ஒரு வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டால் அந்த நேரம் கிடைத்துவிடும்.

வயல் வேலை செய்பவர்களுக்கும் தேவையா?

விழுப்புரம் மாவட்டம் பெரும்பாலும் விவசாயத்தை நம்பிய பகுதி. திண்டிவனம் என்றாலே நிலக்கடலை நினைவுக்கு வரும். அங்குள்ள எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரில்தான் 'டி.எம்.வி.' ரக மணிலா விதைகள் அறியப்படுகின்றன.

களை எடுப்பவர், நடவு நடுபவர், மண் வெட்டுபவர் ஆகியோரின் உழைப்பும் உலக சுகாதார அமைப்பின் கணக்கில் சேரும். உடற்பயிற்சிக்காக அவர்கள் தனியாக ஆட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்தவருக்கு, நிமிர்ந்து கையைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, தோளைச் சுழற்றும் மெதுவான ஆட்டம் உடம்பு இறுக்கத்தைத் தளர்த்த உதவும்.

அதே வீட்டில் பம்ப் செட் ஆப்பரேட்டராகவோ, கடையில் கல்லாவிலோ, கம்ப்யூட்டர் முன்னாலோ உட்கார்ந்து வேலை பார்ப்பவர் இருந்தால், மூச்சு வாங்கும்படி ஆட வேண்டியவர் அவர்தான்.

'குடும்பப் பொண்ணு ஆடலாமா?'

இந்தக் கேள்வியை நகைச்சுவையாகத் தள்ளிவிட முடியாது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஓமந்தூருக்கும் ஒரு தொடர்பு உண்டு.

இந்த ஊரைச் சேர்ந்த ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை மெட்ராஸ் மாகாணத்தின் முதல்வராக (அன்றைய பதவிப் பெயர் 'பிரதமர்') இருந்தவர். சென்னையில் அரசு பன்னோக்கு மருத்துவமனை இருக்கும் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது அவருடைய ஆட்சியில்தான். இதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

பெண்களைச் சுரண்டிய ஒரு வழக்கத்துக்கு அந்தச் சட்டம் முடிவு கட்டியது. ஆனால் ஆட்டத்தின் மீதும், அதை ஆடிவந்த சமூகத்துப் பெண்களின் மீதும் ஒட்டிய இழிபெயர் அத்தோடு போய்விடவில்லை. 'நல்ல குடும்பத்துப் பெண் ஆட மாட்டாள்' என்ற பேச்சு பல வீடுகளில் இன்றும் கேட்கிறது.

ஆனால் அதே ஊர்களில் குடும்பத்துப் பெண்கள் கூடி ஆடும் ஆட்டங்களும் எப்போதும் இருந்தன. கும்மி, கோலாட்டம் இரண்டும் பொங்கலிலும் அம்மன் கோயில் திருவிழாவிலும் பெண்கள் வட்டமாக நின்று ஆடியவை. பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் நின்றார்கள். இரவு முழுக்கத் தெருக்கூத்து பார்த்துப் பழகிய மாவட்டமும் இது. வீட்டுக்குள் நாலு நிமிஷம் ஆடுவது புதுசாக வந்த நாகரிகம் இல்லை.

எதை ஆடுவது?

பரதம், ஜூம்பா எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அசைவு பெரிதாக இருக்கிறதா, மூச்சு கொஞ்சம் வாங்குகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

• கும்மி: குனிந்து ஒரு கைத்தட்டு, நிமிர்ந்து ஒரு கைத்தட்டு, ஒரு அடி முன்னால், ஒரு அடி பக்கவாட்டில். தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல வேலை. இடுப்பு வலி இருந்தால் குனியாமல், முட்டியை லேசாக மடக்கினால் போதும்.

• கோலாட்டம்: கோல் இல்லாவிட்டால் இரண்டு மரக்கரண்டி. எதிரில் நிற்பவரோடு கோலைத் தட்டும்போது கண், கை, கால், தாளம் எல்லாம் ஒன்றாக வேலை செய்யும். பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் பொருத்தமானது.

• குத்துப் பாட்டு: முட்டியை உயர்த்திக் கால் வைப்பது, தோளை ஆட்டுவது, பக்கவாட்டில் அடி வைப்பது. குதிக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும்படியே வேகமாக ஆடலாம்.

• நாற்காலி ஆட்டம்: உட்கார்ந்தபடியே கால்களை மாற்றி மாற்றி தூக்கி, கைகளைத் தலைக்கு மேலே வீசுவது. முட்டி தேய்மானம் உள்ளவர்களுக்கு இதுவே போதுமான தொடக்கம்.

வேகம் சரியா என்று எப்படித் தெரியும்?

வாட்ச், ஆப் எதுவும் வேண்டாம். பேசிப் பாருங்கள். ஆடும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் அது கடுமையான உழைப்பு. பாட்டோடு சேர்ந்து நிம்மதியாகப் பாட முடிந்தால், இன்னும் கொஞ்சம் அசைவைக் கூட்டலாம்.

ஒரு நாளில் எங்கே நுழைப்பது?

தனியாக நேரம் ஒதுக்கினால் மூணாவது நாளே விட்டுப்போகும். ஏற்கனவே தினமும் நடக்கும் ஒரு வேலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால் நிலைக்கும்.

• காலை: பிள்ளைகளை எழுப்பும்போது ஒரு பாட்டு. முதல் நிமிடம் மெதுவாக ஆரம்பிக்கணும். தூங்கி எழுந்த உடம்பை எடுத்ததும் குதிக்க வைக்கக் கூடாது.

• மாலை: ஸ்கூல் விட்டு வந்து, வீட்டுப் பாடத்துக்கு உட்காரும் முன் ஒரு பாட்டு. அன்றைய பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைகளுக்கு.

• இரவு: சாப்பிட்டு சுமார் அரை மணி நேரம் கழித்து, மெதுவான ஆட்டம் அல்லது வீட்டுக்குள் நடை. டிவி சீரியலுக்கு நடுவே வரும் விளம்பர இடைவேளைகூட இதற்குப் போதும்.

முதல் வாரம் ஒரு பாட்டு, இரண்டாவது வாரம் இரண்டு, மூன்றாவது வாரம் மூன்று என்று கூட்டுவது நல்லது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு ஆட வேண்டாம். வழக்கம்போல் தொடர்ந்தால் போதும்.

உடல் எடை குறையுமா?

இதில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 நிமிடம் மிதமாக ஆடினால் செலவாகும் ஆற்றல் தோராயமாக 45 கலோரி. அது ஏறக்குறைய ஒரு இட்லிக்குச் சமம். ஆடி முடித்து ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டால் கணக்கு எதிர்ப்பக்கம் போய்விடும்.

எடை குறைய உணவுக் கட்டுப்பாடுதான் முக்கியம். ஆனால் எடை குறையாவிட்டாலும் சர்க்கரைக் கட்டுப்பாடு, ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை ஆகியவற்றில் உடலுழைப்பு உதவும். வயதானவர்களுக்கு இன்னொரு தகவல்: 75 வயதைக் கடந்த 469 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், உடலுழைப்பு சார்ந்த பொழுதுபோக்குகளில் நடனம் மட்டுமே மறதி நோய் ஆபத்து குறைவோடு தொடர்புடையதாக இருந்தது. தாளத்தைக் கேட்பது, அடுத்த அடியை நினைவில் வைப்பது, கூட ஆடுபவரைக் கவனிப்பது என்று மூளைக்கும் அதில் வேலை இருப்பது காரணமாக இருக்கலாம்.

யார் கவனமாக இருக்கணும்?

• இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். ஆடும்போது நெஞ்சு வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், தாடை அல்லது இடது கைக்குப் பரவும் வலி வந்தால் உடனே நிறுத்தி, 108க்கு அழையுங்கள்.

• இன்சுலின் போடுபவர்கள், சில வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக ஆடக் கூடாது. சர்க்கரை சட்டென இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிடணும்.

• சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறும் காலில் ஆட வேண்டாம். சின்னக் கல் குத்தினாலும் தெரியாமல் புண்ணாகிவிடும்.

• டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டோ, ஈரக் காலோடோ ஆடினால் வழுக்கும். வயதானவர்கள் சுவர் ஓரமாகவோ, நாற்காலியைப் பிடித்தபடியோ ஆடுவது பாதுகாப்பு.

• சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் மிதமான அசைவு நல்லதுதான். ஆனால் மருத்துவரின் ஒப்புதல் தேவை. குதிப்பது, சட்டெனத் திரும்புவது, விழக்கூடிய அசைவுகள் வேண்டாம்.

• பிரசவத்துக்குப் பிறகு, குதித்தால் சிறுநீர் கசிகிறது என்பதால் பல பெண்கள் வெளியே சொல்லாமல் ஆட்டத்தையே தவிர்க்கிறார்கள். இது பலருக்கும் இருக்கும் பிரச்னை, வெட்கப்பட ஒன்றுமில்லை. இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியால் பெருமளவு சரிசெய்யலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை குதிக்காத ஆட்டம் போதும்.

• வெயில் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடுகளில் பகல் நேரத்தில் ஆட வேண்டாம்.

கடைசியாக எப்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தீர்கள் என்று நினைவில்லை என்றால், முதலில் அதைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்களிடமும் கேட்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

நாலு நிமிஷ ஆட்டம் மாத்திரைக்கு மாற்று இல்லை. டாக்டர் சொன்ன நடைப்பயிற்சிக்கும் முழு மாற்று இல்லை. நடக்கவே நேரமில்லை என்று எதையும் செய்யாமல் இருப்பவருக்கு இது ஒரு தொடக்கம். இன்று மாலை பிள்ளைகள் வீட்டுப் பாடத்துக்கு உட்காரும் முன்னால் ஒரு பாட்டைப் போடுங்கள். வீட்டில் உள்ள ஆண்களையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.